ஐந்தாவது கோப்பை

மேடையில் பதினைந்து நிமிடம். அதற்குள் நான்கு நடுவர்களுக்கும் மூன்று வகைக் காபி கொடுத்தாக வேண்டும். நேரம் தாண்டினால் நொடிக்கு ஒரு மதிப்பெண் போகும். இருபத்திரண்டு பேரில் ஆறு பேர்தான் நாளைய இறுதிச் சுற்றுக்குப் போவார்கள். அந்த ஆறு பேருக்குத்தான் காபித் தொழில் சான்றிதழ்ப் படிப்பில் இடம்.

என் மனைவி ஹிருத்துக்கு அந்த இடம் வேண்டும். பியாஸா கடைத்தெருவில் ஒன்பது வருடமாக மக்கியாட்டோ என்ற பால்நுரைக் காபி போடுகிறாள். அவளிடம் பால் நுரைக்கக் கற்றுக்கொண்ட இரண்டு பேர், சான்றிதழோடு வந்து அவளுக்கே மேலாளர் ஆகிவிட்டார்கள்.

ஒரு மாதமாக வீட்டில் ஒத்திகை. அக்கம்பக்கத்தார்தான் நடுவர்கள்.

"சக்கரை எங்கடி?" என்பாள் பக்கத்து வீட்டு அல்மாஸ் அக்கா.

"நடுவருங்க சக்கரை கேக்க மாட்டாங்கக்கா."

"அப்போ அதுங்க மனுசங்களே இல்ல."

நான் தலைமை நடுவர். அவருக்குத் தனிக் கோப்பை கிடையாது, நின்று கவனிப்பதோடு சரி. ஆனால் ஹிருத் ஒவ்வொரு முறையும் எனக்கும் ஒன்று ஊற்றிவிடுவாள்.

"நிக்கிறவரை விட்டுட்டு உக்காந்தவங்களுக்கு மட்டும் எப்படிக் குடுக்கிறது, ஜெரிஹுன்?"

"விதி அப்படி. வெக்கத்த விடு."

போட்டி மேடையில் முதல் வகையின் நான்கு கோப்பைகளும் பிசகில்லாமல் போயின. பால் காபிக்கு வந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள். தலைமை நடுவர் மெக்பிப் ஐயா, தலை முழுக்க நரை, கையில் தாளோடு நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஊரில் பெரியவருக்குக் கொடுக்காமல் யாரும் காபியை வாயில் வைப்பதில்லை. நான்கு கோப்பையையும் வைத்துவிட்டு வந்தவள், ஐந்தாவதை எடுத்தாள்.

"ஐயோ, போச்சு!" என்றாள் அருகில் அல்மாஸ் அக்கா. நான் அவள் வாயைப் பொத்தினேன்.

கோப்பை நிறைந்தது. ஹிருத் அவரை நோக்கி இரண்டு அடி வைத்தாள். பழக்கதோஷம், கிழவரின் கையும் வாங்கிக்கொள்ளப் பாதி எழுந்துவிட்டது. அப்போதுதான் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிடம் பாக்கி, ஆரஞ்சுத் தோல் சேர்க்கும் கடைசி வகையை இன்னும் தொடவே இல்லை.

தலை குனிந்து வணங்கினாள். அவர் கண்ணெதிரே அந்தக் காபியைத் தொட்டியில் கொட்டினாள்.

கூட்டம் மூச்சை இழுத்தது. என் அம்மா இருந்திருந்தால் எழுந்து போயிருப்பாள்.

"மன்னிச்சிருங்க ஐயா. இப்ப நேரமில்ல."

அவர் கையை இறக்கிக்கொண்டு தாளில் ஏதோ குறித்தார். அதன் பிறகு ஹிருத் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பதினான்கு நிமிடம் ஐம்பத்தாறாவது நொடியில் கையை உயர்த்தினாள்.

"முடிஞ்சுது!"

மாலையில் பெயர்களை வாசித்தார்கள். வீணாக்கியதற்கு மதிப்பெண் குறைத்தும், ஆறாவது பெயர் அவளுடையது. நான் அவளை அப்படியே தூக்கிவிட்டேன். அவளோ என் தோளுக்கு மேலாக மதிப்பெண் தாளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஆரஞ்சுத் தோல் வாசம் காபி ருசிய அமுக்குதாம். சரியாத்தான் சொல்லியிருக்காங்க. இறக்கி விடு, வீட்டுக்குப் போய்ப் பாதித் தோல் போட்டுப் பாக்கணும்."

"முதல்ல கொஞ்சம் சிரிடி!"

"நாளைக்குச் சிரிக்கிறேன். வண்டிய எடு."