மாப்பிள்ளைக்குப் புதுத் தாள்

எனக்கு எண்ண வராது. வங்கியில் காசாளராக இருந்துகொண்டு இதைச் சொல்வது வெட்கக்கேடுதான், ஆனாலும் உண்மை. தாள் என்றால் எப்படியோ சமாளித்துவிடுவேன். சில்லறை என்றால் அறுபது எழுபதுக்கு மேல் மனம் எங்கேயாவது போய்விடும். போன இடம் நன்றாகவும் இருக்கும். திரும்பி வரும்போது விரலிடுக்கில் ஒரு பத்துச் சதக் காசு இருக்கும், அது எத்தனையாவது என்று தெரியாது. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு கல்முனையில் வேலை. எங்கள் வங்கி கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. பகல் பதினொரு மணிக்கு மேல் மின்விசிறியின் சத்தமும் கடலின் சத்தமும் ஒன்றாகி, எது எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும். அந்த வருஷம் கனவு காண எனக்குக் காரணமும் இருந்தது. சாய்ந்தமருதில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெயர் நதீரா. வாப்பா மௌத்தாகி அடக்கம் பண்ணி வருஷங்களாகிறது, உம்மா வீட்டோடு இருக்கிறா, வளவு நிலமும் கல்வீடும் பெண்ணின் பெயரில் என்று கலியாணப் புரோக்கர் சொன்னார். எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். அதனால் பார்க்காத பெண்ணோடு பார்க்காத வீட்டையும் சேர்த்தே கனவு கண்டேன்.

பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் ரொக்கத்தைக் கைக்கூலி என்போம். மூவாயிரம் ரூபாய் என்று என் பெரியவாப்பா ஆதம்பாவா பேசி முடித்தார். வெற்றிலைத் தட்டத்தில் வைத்துச் சபை பார்க்கக் கொடுப்பது வழக்கம். காசைப் பற்றி ஏதும் விருப்பம் உண்டா என்று அவர் என்னிடம் கேட்டார். புதுத் தாளாக இருந்தால் நல்லது என்றேன். புதுத் தாளின் மணம் எனக்குப் பிடிக்கும். அதற்கு மேல் ஒரு யோசனையும் இல்லை. சொன்னதை அன்றைக்கே மறந்தும் போனேன்.

கலியாணத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போதுதான் அந்தப் பெண்மணி வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சீலையால் முக்காடு. இரண்டு பால்மா டின்களைக் கவுண்டரில் வைத்தார். வைத்த சத்தத்திலேயே எனக்கு வியர்த்துவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தவர், இன்னொரு தரமும் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இதை மாத்தித் தாளாத் தரணும் தம்பி. இன்னும் பதினொரு டின் வீட்ட இரிக்கி."

பதினான்கு வருஷமாக வீட்டு வாசலில் இடியப்பம் விற்றுச் சேர்த்த காசாம். மகளின் கலியாணமாம். மாப்பிள்ளை பகுதி கைக்கூலியைப் புதுத் தாளாகக் கேட்டிருக்கிறதாம். சில்லறையைத் தட்டத்தில் குவித்தால் சபை சிரிக்கும், கலியாணமே நின்றாலும் நிற்கும் என்றார்.

நான் டின்னுக்குள் பார்த்தேன். பத்துச் சதம், இருபத்தைந்து சதம், சதுரமான ஐந்து சதம். ஒரே பயம். ஒரு நாளைக்கு நூறு ரூபாய்க்கு மேல் சில்லறை எடுக்க மாட்டோம், வங்கியில் ரூல் அப்படி என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு ரூல் கிடையாது. என் வாயில் அந்த நிமிஷம் பிறந்த ரூல் அது.

"இது அரசாங்கத்துட சல்லிதானே தம்பி. பேங்கே எடுக்காட்டி, வேற ஆரு எடுப்பா?"

நியாயமான கேள்வி. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன். பிறகு பின்னறைக்குப் போய் மனேஜர் கனகசபாபதியிடம் கேட்டேன். சில்லறைக்கு உச்சவரம்பு போட்டு ஒரு கடிதமும் வந்ததாகத் தனக்கு ஞாபகமில்லை, எண்ண ஆளிருந்தால் எடுக்கலாம், எண்ணுகிறவன் நீ, உன் இஷ்டம் என்றார். நான் திரும்பி வந்து, மனேஜரும் நூறுதான் சொல்கிறார் என்றேன். இப்படிப்பட்ட ஆள்தான் நான் அப்போது.

ஒரு நாளைக்கு நூறென்றால் மூவாயிரத்துக்கு முப்பது நாள். அவர் கையிலிருந்தது பதினொன்று, அதிலும் சனி ஞாயிறு போக வேண்டும். விரலை மடக்கி அவர் அதைக் கணக்குப் பார்த்ததை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் மறுநாள் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார்.

அந்த நூறை எண்ண எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஐந்து சதங்களை வரிசையாக அடுக்குவேன். சதுரம் சதுரமாக அடுக்க அடுக்க அவை சின்னச் சின்ன ஜன்னல்களாகிவிடும். ஜன்னலுக்குப் பின்னால் சுண்ணாம்பு அடித்த கல்வீடு வரும், முற்றத்தில் கடல்மணல் வரும். உள்ளே ஒரு பெண் நடந்து போவாள். முகம் தெரியாது, கொலுசு மட்டும் கேட்கும். நான் அந்த முற்றத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன். மணல் சுடாது. அவள் திரும்புவதற்குக் காத்திருப்பேன். திரும்பப் போகிற நேரத்தில் கவுண்டருக்கு அப்பால் ஒரு இருமல் கேட்கும். அந்தப் பெண்மணி பொறுமையாக நின்றுகொண்டிருப்பார்.

"பொறகும் கணக்க உட்டுட்டீங்களா தம்பி? ஆறுதலா எண்ணுங்க."

நாலாம் நாள் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. முந்தின மூன்று நாள் போலவே பெட்டியில் இருந்த புதுக் கட்டிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது கோபமும் வந்தது. பாடுபட்டவளின் காசுக்குப் பகட்டுக் கேட்கிறானே ஒருவன்.

"ஆரு அந்த மாப்புள? நல்ல திமிர் புடிச்சவன் போல இரிக்கி."

அவர் தாளை மடித்து முந்தானையில் முடிந்தார். முடிச்சை இரண்டு தரம் இறுக்கினார்.

"அப்பிடிச் செல்லாதீங்க தம்பி. நல்ல புள்ளையாம்."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மரமண்டைக்கு உறைக்கவில்லை. ஏழு நாள் வந்தவர் எட்டாம் நாள் வரவில்லை. வேறெங்காவது மாற்றியிருப்பார் என்று நினைத்து நிம்மதியாக மூச்சு விட்டேன்.

வெள்ளிக்கிழமை கலியாணம் நடந்தது. தட்டம் வந்தது. ஏழு தாள் மொடமொடவென்று புதிது, மீதியெல்லாம் கசங்கியது, ஒட்டுப் போட்டதும் இருந்தது. கேட்டது ஒன்று வந்தது ஒன்று என்று பெரியவாப்பா என் காதில் முணுமுணுத்தார். நான் மேலே இருந்த புதுத் தாளின் மணத்தில் இருந்தேன். பேசாமல் விடுங்கள் என்று பெரிய மனது பண்ணினேன்.

வீடு கனவில் வந்ததுபோல் இல்லை, அதைவிடச் சின்னது. ஆனால் முற்றத்தில் கடல்மணல் இருந்தது. நதீரா திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தைக் கனவு காண எனக்குத் திறமை போதாது என்று அன்றைக்குத் தெரிந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலை சாப்பிட உட்கார்ந்தேன். நதீரா என் பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டிருந்தாள். கடைசி நாட்களில் உம்மா பட்ட பாட்டைச் சொன்னாள். பஸாரில் ஒரு முதலாளி சில்லறைக்கு நூறுக்குப் பத்து ரூபாய் கழித்துக்கொண்டுதான் தாள் கொடுத்தாராம். அதனால் விழுந்த துண்டுக்கு உம்மாவின் காதிலிருந்த அல்லுக்குத்து நகை விலைக்குப் போனதாம். எனக்கு இரண்டு பால்மா டின்கள் ஞாபகம் வந்தன. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு, கலியாண நாள் முழுக்க என் கண்ணில் படாத மாமி, நதீராவின் உம்மா, இடியப்பத் தட்டோடு வந்தார்.

வெள்ளைச் சீலை, அதே முக்காடு. என் சாப்பாட்டுக் கோப்பையில் இடியப்பத்தை வைத்துத் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றினார். நதீரா தேத்தண்ணி எடுக்க எழுந்து போகும்வரை நான் தலை நிமிரவில்லை.

"மாமி," என்றேன். "பேங்குக்கு வந்தது நீங்கதானே?"

"ஓம் மகன்."

"நான் ஆரெண்டு தெரியுமா அப்ப?"

"மொதல் நாளே தெரியும். புரோக்கர் ஒங்கட போட்டோவக் கொண்டுவந்து காட்டினவர்தானே."

தெரிந்துகொண்டா ஏழு நாள் என் முன்னால் நின்றீர்கள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, முழுவதையும் ஒரே நாளில் எண்ணிக் கொடுத்திருப்பேனே என்று படபடவென்று கொட்டினேன். ஏறக்குறைய அவர் மேல் குற்றம் சொல்வதுபோலவே பேசினேன். அவர் கோபப்படவில்லை. தட்டைக் கீழே வைத்தார்.

"செல்லியிருந்தா சல்லிய எடுத்திருப்பீங்க மகன். இடியப்பக்காரிட மகள் எண்டு எண்ட புள்ளைய உட்டிருப்பீங்க."

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். வங்கியில் எத்தனை பொய் சரளமாக வந்தது, இது மட்டும் வரவில்லை. மாமி அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. என் கோப்பையில் இன்னும் இரண்டு இடியப்பத்தை வைத்துவிட்டு உள்ளே போனார்.