பங்களாப் பனை

ஒரு குடும்பத்தின் கௌரவம் அதன் வாசலில் நிற்கும் மரத்தில்தான் தெரியும். இது ஓய்வுபெற்ற கங்காணி கந்தப்பனின் அசைக்க முடியாத கொள்கை. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றான அவருடைய வீட்டு வாசலில் வெகுகாலம் நின்றது கோழிக்கூடு.

இலங்கையில் கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. வெள்ளைக்காரத் துரைமார் போய், பெரிய பங்களா ஓட்டலாகிவிட்டது. ஆனாலும் லயத்து ஆட்கள் கேட்டைத் தாண்டக்கூடாது என்ற வழக்கம் மட்டும் போகவில்லை. பங்களா வாசலின் இரு பக்கமும் நின்ற ராஜ பனைகளைத் தேயிலை மலையிலிருந்து பார்ப்பதோடு சரி. அதே சாதிக் கன்று என்று சொல்லி, ஒன்றைப் பால்மா டின்னில் கொண்டுவந்து கொடுத்தவர் அங்கே சமையல் செய்த செல்லமுத்து. கந்தப்பனின் மனைவி அழகம்மாவுக்கு உடன்பிறந்த தம்பி.

"யார்கிட்டயும் சொல்லிராதீங்க மச்சான். என் வேலை போயிரும்."

கந்தப்பன் யாரிடமும் சொல்லவில்லை. 'ராஜ பனை' என்று பலகை எழுதிப் பக்கத்தில் நட்டதோடு நிறுத்திக்கொண்டார்.

அரிசி கழுவிய தண்ணீர் முழுக்க அதற்குத்தான். பனி கொட்டும் மாதங்களில் தன் கம்பளியைக் கன்றுக்குப் போர்த்திவிட்டு, சாக்குக்குள் சுருண்டு இருமினார். தன்னை ஒரு நாளாவது இப்படிப் போர்த்தியிருப்பாரா இந்த மனுஷன் என்று அழகம்மா பக்கத்து வீட்டில் விசாரித்தாள். மரம் ஆளுயரம் வந்ததும் கந்தப்பனின் நடை மாறியது. பைப்படியில் நின்ற பெண்கள் "சின்னத்துரை வாறாரு" என்று வழிவிட்டார்கள். அது கேலி என்று அவருக்குப் படவில்லை.

பலாக்காய் விற்க வந்த முதியான்சேதான் கெடுத்தார். கீழ்க் கிராமத்துச் சிங்களவர். தமிழ்ப் பலகையை வாசிக்கத் தெரியாததால் மரத்தைப் பார்த்தார். "புவக்" என்றார். பாக்கு. தன் வேலியோரத்தில் இதுபோல வரிசையாக நிற்கிறது, இதை வேண்டாமென்றால் வெட்டிப் போடலாம் என்றும் சொல்லிவைத்தார். பைப்படியில் அன்று குடம் நிறைவதற்குள் லயம் முழுக்க அது தெரிந்துவிட்டது.

அன்று மாலை அக்கா வீட்டுக்கு வந்த செல்லமுத்துவுக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

"என் கம்பளியப் போத்துனேன்டா," என்றார் கந்தப்பன். "நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

செல்லமுத்து வாசலிலேயே நின்று கேட்டார்.

"பங்களா மரம் லயத்து வாசல்ல நின்னா பங்களாவுக்கு என்ன மரியாத மச்சான்? அங்க இருக்கிற எனக்குத்தான் என்ன மரியாத?"

மறுநாள் பொழுது விடிந்ததும் கந்தப்பன் பங்களாவுக்கு ஏறினார். ராஜ பனை விதையைத் தானே பொறுக்கிவிடுவதென்று தீர்மானம். வாழ்க்கையில் முதல் தடவையாக, காவல்காரர் எழுந்து நிற்பதற்குள், கேட்டைத் தாண்டினார்.

மரத்தடியில் விதை இல்லை. சருகும் இல்லை. குனிந்து பார்த்தால் மண்ணே இல்லை. மரம் நின்ற சட்டி நிறையச் சிமெந்து. ஓலையைப் பிடித்து இழுத்தார். பிளாஸ்டிக். உள்ளே கம்பி.

பின்பக்கமிருந்து செல்லமுத்து வாளியோடு வந்தார். மச்சானைக் கண்டதும் நின்றுவிட்டார். பனைகளை வாரம் ஒருமுறை சவர்க்காரம் போட்டுக் கழுவுவது அவர் வேலை.