பெண் பார்க்க வந்தவர்கள்

காலை பத்தே முக்காலுக்கு அரசாங்கத்திலிருந்து என் மனைவியைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மருத்துவக் கடன் நிவாரணத் திட்டம் அப்படித்தான் நடக்கிறது. கடன் தனியாக வராது. அது யாருடைய உடம்பில் இருக்கிறதோ அவரையும் சேர்த்து அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும். தேவகியின் கடன் இதய வால்வில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தால் வட்டி ஏறும் சத்தம் கேட்கும்.

வந்தவர்கள் இரண்டு பேர். அதிகாரி கோமளவல்லி. பழத்தட்டு ஏந்திய உதவியாளர் இருதயராஜ். பாயில் உட்கார்ந்தார்கள்.

தேவகி காபி கொண்டுவந்தாள். கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். அது அவளுக்கு இப்போது தொளதொளவென்று இருந்தது.

"கொஞ்சம் நடந்து காட்டும்மா," என்றார் கோமளவல்லி.

தேவகி ஜன்னல்வரை போய்த் திரும்பினாள்.

"மூச்சு வாங்குதா?"

"மாடி ஏறினா மட்டும்."

"பாடத் தெரியுமா?"

"தெரியாதுங்க மேடம்."

"பரவாயில்ல. வால்வு சத்தமே போதும்."

இருதயராஜ் எழுந்து, அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்று காதைச் சாய்த்தார். "லட்சணமா இருக்கு மேடம்," என்றார்.

நான் தொண்டையைச் செருமினேன். "கடன மட்டும் எடுத்துக்க முடியாதுங்களா?"

"தாராளமா. வால்வக் கழட்டிக் குடுங்க."

தேவகி காபித் தம்ளர்களை எடுத்து அடுக்கினாள்.

எதிர்வீட்டு ரங்கநாயகி வாசலில் வந்து நின்றாள். அவள் கணவரைச் சிறுநீரகக் கடனுக்காகப் போன மாதம் கூட்டிப்போனார்கள். அதன் பிறகு அவள் வீட்டுக் கதவுக்குப் பச்சை வர்ணம் அடித்துக் கொடுத்தார்கள்.

"எங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காரா மேடம்?"

"எல்லாரும் ஒரே எடத்துலதான் இருக்காங்க."

"ரசத்துல புளி கம்மியா ஊத்தச் சொல்லுங்க. அவரு வாய் தொறந்து கேக்க மாட்டாரு."

"சொல்றோம்மா."

ரங்கநாயகி என் பக்கம் திரும்பினாள். "யோசிக்காதீங்க அண்ணே. இப்பல்லாம் யாரும் வந்து கதவத் தட்டறதில்ல. யாருமே."

நான் ஒன்றை நம்பியிருந்தேன். பெண் பார்த்தவர்கள் ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். கடிதம் வராமலும் போகும். என் அக்காவுக்கு நான்கு முறை வரவில்லை.

"லெட்டர் போடறதெல்லாம் இல்ல," என்றார் கோமளவல்லி. "புடிச்சிருக்கு. கையோட கூட்டிட்டுப் போறோம். பொண்ணுக்குச் சம்மதமா?"

தேவகி என்னைப் பார்த்தாள்.

அலமாரியில் போன் அடித்தது. வசூல்காரன். அவன் திட்டும்போது தேவகியின் பெயரை முதலிலும் என் அம்மாவின் பெயரைக் கடைசியிலும் சொல்வான். நான் போனைப் பார்த்தேன். திரும்பியபோது அவள் தலையாட்டி முடித்திருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். இருதயராஜ் அதில் ஒரு கல்கண்டை வைத்தார். எலுமிச்சம்பழ அளவு.

"நல்ல விஷயம். கரையறவரைக்கும் பேசக்கூடாது சார். மாப்பிள்ள வீட்டுக்கு ஆகாது."

கோமளவல்லி தேவகிக்குப் பூ வைத்துவிட்டார். அவள் மாத்திரைப் பையை எடுத்தாள். பிறகு யோசித்து அதைத் திரும்ப வைத்தாள்.

மூன்று மாடி இறங்க வேண்டும். அன்று ஒரே ஒரு படிதான் இருந்தது. அதைத் தாண்டியதும் வேன் நின்றது. உள்ளே பட்டுப் புடவைகளும் பட்டு வேட்டிகளுமாக நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய தலையிலும் பூ இருந்தது, ஆண்கள் தலையிலும்.

தேவகி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வீட்டுக்குள் போன் நின்றது. யாரோ எங்கள் கதவுக்குப் பச்சை அடிக்கத் தொடங்கினார்கள்.

நான் கல்கண்டைக் கடித்தேன். பல் உடைந்தது. கல்கண்டு உடையவில்லை.

வேன் புறப்பட்டது. அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"என்னங்க, வேண்டாம்னுதானே சொல்ல வந்தீங்க?"