வெட்டாத நோட்டீஸ்

பகல் பதினோரு மணிக்குப் பாசில் போன் செய்தான். தில்லை நகரில் நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் அப்போதுதான் இருபத்தேழாம் டோக்கனைக் கூப்பிட்டிருந்தேன்.

“ஜோதிக்கா, உங்க பெருமாள் ஒருத்தர் கிடைச்சிருக்காரு. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில ஒரு மாமி வீடு. பழைய பேப்பர் எடுக்கப் போனேன். கண்ணாடி உடைஞ்ச படத்தை வாசல்ல வெச்சிருந்தாங்க. பின்னட்டை பிரிஞ்சு, உள்ள மடிச்ச காயிதம் தெரிஞ்சுது. வெட்டலைன்னு நினைக்கிறேன்.”

“தொட்டியா?”

“நான் எதுக்குத் தொடுறேன்? சாயங்காலம் கண்ணாடி மாத்தப் போறாங்களாம். அதுக்குள்ள போயிடுங்க.”

சாயங்காலம் வரை யார் பொறுப்பது? டாக்டரிடம் தலைவலி என்று சொன்னேன். அவர் மாத்திரை கொடுத்தார். அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

பாசில் மலைக்கோட்டைச் சந்து ஒன்றில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறான். பதினோரு வருஷமாக எனக்கு டிவி விளம்பரங்கள் பிடித்துத் தருகிறவன் அவன்தான். திருச்சிக்கு டிவி வந்த புதிதில் அச்சடித்த நோட்டீஸ், காலண்டர், பத்திரிகைப் பக்கம், ஆன்டெனா இலவசம் என்ற துண்டுச்சீட்டு என்று நானூறுக்கு மேல் வீட்டில் கிடக்கின்றன. பீரோவில் என் புடவைக்கு இடமில்லை. “இருக்கிற டிவியைப் பார்க்க ஆளில்லை, இல்லாத டிவிக்கு விளம்பரமா?” என்பார் என் வீட்டுக்காரர் அன்புச்செல்வன். கேட்பவர்களிடம் பொழுதுபோக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன். சுத்தப் பொய். எனக்கு வேண்டியது ஒரே ஒரு நோட்டீஸ்தான்.

எண்பத்தைந்தில் அப்பா சின்னக்கடை வீதியில் ஒரு ரேடியோ கடையில் சேல்ஸ்மேன். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்குக் கொடுக்க முதலாளி இரண்டாயிரம் கலர் நோட்டீஸ் அடித்தார். மேலே பெரிதாக ஒரு டிவி, திரையில் பள்ளிகொண்ட ரங்கநாதர். கீழே பாயில் உட்கார்ந்து பார்க்கும் ஒரு பெண்ணும் குழந்தையும். வெளியாளைப் பிடித்து உட்காரவைக்க முதலாளிக்கு மனசு வரவில்லை. அப்பாதான் அம்மாவையும் என்னையும் கூட்டிப்போனார். அப்போது எனக்கு ஆறு வயது. மறு வருஷம் அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டாள். ஏன், எங்கே என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்பா அவள் இருந்த படங்களையெல்லாம் கல்யாண ஆல்பத்தோடு சேர்த்து அடுப்பில் போட்டார். அம்மாவின் முகம் எனக்கு மறந்தே போயிற்று. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

இரண்டாயிரத்தில் ஒன்றாவது மிஞ்சியிருக்காதா என்றுதான் தேட ஆரம்பித்தேன். நம் ஊர்க்காரர்களை நான் சரியாக எடைபோடவில்லை. ஓசியில் பெருமாள் கிடைத்தால் விடுவார்களா? திரையில் இருந்த ரங்கநாதரை மட்டும் அளவாக வெட்டிச் சட்டம் போட்டுக்கொண்டு, டிவியையும் எங்களையும் குப்பையில் போட்டிருக்கிறார்கள். இதுவரை ஒன்பது பெருமாள்கள் சேர்ந்தாயிற்று. ஒருவரோடும் அம்மா வரவில்லை.

காவிரிப் பாலத்தில் ஒரு பஸ் நின்றுபோய் நகரவே இல்லை. நான் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். “பறந்துதான் போகணும்மா” என்று முன்னால் இருந்தவர் திரும்பிச் சொன்னார். பறக்கத் தெரிந்தால் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டா நிற்பேன்? மாமி மனசு மாறி இப்போதே கடைக்குக் கிளம்பியிருந்தால்? கடைக்காரன் மடித்திருப்பதை வெட்டிப் போட்டுவிட்டால்? ஹெல்மெட்டுக்குள் வியர்வை வழிந்து கண் எரிந்தது.

குமுதவல்லி மாமிக்கு எண்பது வயதிருக்கும், தனியாக இருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா போனதை மட்டும் சொல்லவில்லை.

“டிவிப்பெட்டியா? இது எங்காத்துப் பெருமாள்டிம்மா. நாப்பது வருஷமாத் துளசி சாத்திண்டிருக்கேன்” என்றார்.

“ஒரு தடவை பிரிச்சுப் பாத்துக்கறேன் மாமி. கெஞ்சிக் கேக்கறேன்.”

அவர் படத்தை எடுத்து என் மடியில் வைத்தார். துருப்பிடித்த ஆணிகளை நெம்பி எடுத்தேன். சட்டம் போட்டவன் சோம்பேறி. அவனுக்குக் கோடிப் புண்ணியம். வெட்டாமல் நாலு பக்கமும் மடித்துத் திணித்திருந்தான். கீழ்மடிப்பை விரித்தேன்.

அம்மா கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முதுகு காட்டி இரட்டைச் சடையோடு நான். மனசுக்குள் இத்தனை வருஷம் நான் வரைந்து வைத்திருந்த முகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உருண்டை முகம், கொஞ்சம் தூக்கலான முன்பல். என் மகளைவிடச் சின்னப்பெண்ணாக இருந்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. போனில் நாலு படம் எடுத்தேன். முகத்தைப் பெரிதாக்கினால் அச்சுமை புள்ளி புள்ளியாகச் சிதறியது. அந்தத் தாளேதான் எனக்கு வேண்டும்.

“எங்கம்மா, மாமி” என்றேன்.

மாமி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். “லட்சணமா இருக்கா.” பிறகு எழுந்து உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தார். “ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதே. அம்மா இருக்காளோன்னோ? போனவா படத்தைப் பெருமாளோட வெச்சு சேவிக்கப்படாது. போயிட்டான்னா கீழ்ப்பாதியை வெட்டித் தரேன், நீ எடுத்துண்டு போ. இருக்கான்னா பாதகமில்லை, முழுசாவே சட்டம் போட்டுடறேன். பெருமாளுக்குக் கீழே கைகூப்பிண்டுதானே இருக்கா, இருந்துட்டுப் போகட்டும்.”

போயிட்டாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் அம்மா என் பையில் வந்துவிடுவாள். பொய் என்று யாரும் என்னைப் பிடிக்கப்போவதில்லை. உண்மையாகவேகூட இருக்கலாம். “எங்கேயாவது செத்துப்போயிருப்பாங்க, விடு ஜோதி” என்று அன்புச்செல்வன் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். நானும் ஆமாம் ஆமாம் என்றுதான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். காலையில் டாக்டரிடம் கூசாமல் பொய் சொன்ன வாய் இப்போது திறக்க மாட்டேன் என்றது.

மாமி கத்தரியைப் பிடித்தபடி காத்திருந்தார்.

“இருக்காங்க மாமி” என்றேன்.

“எங்கே?”

“தெரியாது.”

 மாமி கத்தரிக்கோலை ஜன்னலில் வைத்துவிட்டுத் தாளின் மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டார்.

“சௌக்கியமா இருக்கட்டும். கார்த்தால சேவிக்கறச்சே அவளையும் சேர்த்து வேண்டிக்கறேன். பேர் என்ன?”

அம்மா போன நாளிலிருந்து அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்பாவுக்குப் பயந்து சொல்லவில்லை, பிறகு பழகிவிட்டது. 

“வேலம்மாள்.”