கலையும் சங்கு

தேயிலைத் தோட்டத்துத் துரை கேட்டதால், காலையில் ஆள் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கான சங்கை ஊதச் சிவசக்தி சி மொழியில் புரோகிராம் எழுதினாள். யாரும் இடையில் நிறுத்தாதபடி புரோகிராமுக்கு வரும் எல்லாச் சிக்னலையும் ஒரே செட்டில் போட்டுத் தடுத்தாள். இரவு பதினொரு மணிக்குச் சோதித்தபோது சங்கு ஓயவேயில்லை. லயத்து வீடுகளிலிருந்த சனம் கூடையோடு வந்து வரிசையில் நின்றது. கங்காணி பேர் கூப்பிட்டார்.

சிவசக்தி பதுளைத் தோழி ஹனாவுக்குப் போன் போட்டாள். "பயமா இருக்குடி. கண்ட்ரோல் சி அடிச்சும் நிக்கல. தொரைக்குத் தெரிஞ்சா தோட்டத்து வேலையிலருந்து அம்மா பேர வெட்டிருவாரு."

"எல்லாத்தையும் அடைச்சா எப்பிடி நிக்கும்? கில் ஒம்பதுன்னு கமாண்ட் அடி. அத எந்தச் செட்டாலயும் தடுக்க ஏலாது."

அடித்தாள். சங்கு அடங்கியது. யாரும் அசையவில்லை.

"கலையச் சங்கு ஊதலியே," என்றார் கங்காணி.

அது புரோகிராமின் கடைசி வரியில் இருந்தது; கில் அடித்ததால் அந்த வரிக்குப் போகவேயில்லை. சிவசக்தி செட்டிலிருந்து, ஊதும் நேரம் முடிந்ததென்று சொல்லும் சிக்னலை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். பெரட்டுச் சங்கு ஊதியது. கங்காணி முதலிலிருந்து பேர் கூப்பிட்டார்.