வல்லாரையில் ஒரு வெள்ளைப் புள்ளி

கண்ணாடித் தட்டின் இடப்பக்கம் அக்கா ருக்குமணி அனுப்பிய வல்லாரைச் சாறு. வலப்பக்கம் கெலுகோர் ஆய்வுக்கூடத்தின் பின்புறம் தவமணியே பறித்த வல்லாரையின் சாறு. இரண்டையும் பொட்டு வைத்து, கரைப்பானில் நிறுத்தி, உலர்த்தி, நொதியைத் தெளித்தாள், கடைசியாகச் சாயம். நொதி வேலை செய்யும் இடமெல்லாம் ஊதாவாகும். அதன் கையைக் கட்டிப்போடும் பொருள் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் வெள்ளை நிற்கும்.

இடப்பக்கம் புள்ளி பளிச்சென்று வந்தது. வலப்பக்கம் முழுக்க ஊதாதான்.

போன வாரம், அக்கா கீரையை வைத்த முதல் தட்டில் இதே புள்ளியைக் கண்டு, ஆய்வை நடத்தும் டாக்டர் கதிர்காமநாதன் துள்ளிக் குதிக்காத குறை. நரம்பில் இருக்கும் இந்த நொதியை அளவாக அடக்கினால் மறதிக்கு மருந்து. மாதக்கணக்கில் செடி செடியாக அரைத்தும் ஒன்றும் தேறாத மனுஷர் அவர். "பெரிய ஃபைண்ட் லா, தவமணி! வேற இடத்து இலையிலயும் ஒருவாட்டி பாத்துடு" என்றார். இவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலையே கடலுக்கு அக்கரையில் அக்கா வாழ்க்கைப்பட்ட தாசேக் கெலுகோருக்குப் போன் போட்டு, மூன்று மாதம் முழுகாமல் இருக்கும் அக்காவிடம், "டெய்லி பச்சையா துவையல் அரைச்சுச் சாப்பிடுக்கா, பிள்ளைக்கு மூளை நல்லா வளரும். லேப்லயே தெரிஞ்சிடுச்சு" என்று அளந்துவிட்டாள். படித்த தங்கை சொன்னால் அக்காவுக்கு அது வேதவாக்கு.

செடியின் சொந்தச் சரக்கென்றால் இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். அப்படியானால் அக்காவின் கீரையில் மட்டும் இருப்பது என்ன?

அந்த வல்லாரை தளதளவென்று வளர்ந்து கிடப்பது வீட்டுக்குப் பின்னால் ஓடும் லொங்காங் சாக்கடை ஓரத்தில். செம்பனைத் தோட்டத்தில் புழுவுக்கு மருந்தடித்துவிட்டு வருபவர்கள் பம்புகளைக் கழுவுவதும் அந்த லொங்காங்கில்தான். அந்த மருந்தும் இதே நொதியைக் கட்டிப்போட்டுத்தான் புழுவைக் கொல்கிறது. மனிதருக்கும் நரம்பில் அதே நொதிதான்.

"வாயில எச்சி ஊறிக்கிட்டே இருக்கு தவம். கண்ணு வேற மங்குது. அத்தை மசக்கைங்கறாங்க" என்று முந்தாநாள் அக்கா சொன்னபோது இவளும் சிரித்தாள். எச்சில் ஊறுவதும் கண் மங்குவதும் அந்த மருந்து உடம்பில் ஏறியவர்களுக்கு வருவதல்லவா?

டாக்டர் எட்டிப் பார்த்தார். "மறுபடியும் வந்துருச்சு பாத்தியா!"

"அந்தப் பக்கம் பாருங்க டாக்டர். லொங்காங் ஓரத்துக் கீரையில மட்டுந்தான் வந்திருக்கு. அங்கதான் மருந்து பம்பு கழுவறாங்க."

பார்த்தார். முகம் மாறியது.

"அந்தக் கீரைய யாராவது சாப்பிடறாங்களா?"

தட்டைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அலுவலகப் போனுக்கு ஓடினாள். அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் போன் இருப்பது அய்யாக்கண்ணு கடையில் மட்டும்தான்.

"ருக்குவா? இப்பதாம்மா போச்சு. துவையலுக்குப் புளி வாங்கிச்சு. என்னமோ வேர்த்து ஊத்துது அதுக்கு."

"அண்ணே, அந்தக் கீரைய தொடவேணாம்னு சொல்லுங்க! உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே!"

"இரு, நான் போய்ப் பாக்கறேன்."

ரிசீவரைப் பலகையில் வைக்கும் சத்தம் கேட்டது. கோழி ஒன்று கொக்கரித்தது. "ருக்கு... ஏ ருக்கு..." அய்யாக்கண்ணுவின் குரல் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. தவமணியின் கையிலிருந்த தட்டில் ஊதா இன்னும் கறுத்துக்கொண்டிருந்தது, வெள்ளைப் புள்ளியைச் சுற்றி.