கொழுந்தனின் லாகின்

சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லாரும் சீட்டுக்குத் திரும்பினால் போதும், குடோனிலிருந்து போன் அலறத் தொடங்கிவிடும். காலையில் கம்ப்யூட்டரில் ஏற்றிய ஆர்டர்களில் நாலைந்து திரையில் இருக்காது. 'பதிவு கிடைக்கவில்லை' என்று சிவப்பில் ஒரு வரிதான் நிற்கும். லாரி உதிரிபாகம் விற்கிற கம்பெனியில், யாருக்கு எந்தச் சாமான் ஒதுக்கியது என்பதே மறைந்துபோனால் வியாபாரம் உருப்பட்ட மாதிரிதான்.

அங்கே டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவள் அவள். டிஸ்க் நிறைந்துவிட்டதா என்று பார்த்தாள். இல்லை. இரண்டு பேர் ஒரே வரியைத் திருத்தப் போய் மோதிக்கொள்கிறார்களா? அதுவும் இல்லை. ஆர்டர்கள் பதிவாகிற டேபிளுக்கு ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் யாரோ கை வைக்கிறார்கள். யார் எதை அழித்தார்கள் என்று சர்வர் குறித்துவைத்திருப்பதைத் திறந்தாள். அழிந்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரே லாகின். அவளுடைய கொழுந்தனுடையது.

கணவனுக்கு ஒரே தம்பி. "நம்ம வீட்டுப் பையன் சார், நான் பொறுப்பு" என்று மேனேஜரிடம் சொல்லி அவனைக் குடோனில் சேர்த்துவிட்டதே இவள்தான்.

அதற்குப் பிறகு அவன் நின்றால் சந்தேகம், உட்கார்ந்தால் சந்தேகம். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் ஆளைக் காணோம். ஷட்டருக்குப் பின்னால் நின்று போனில் குசுகுசுக்கிறான். வீட்டில் டிவி பார்த்து அவன் சிரித்தபோதுகூட அந்தச் சிரிப்பில் என்னவோ இருப்பதாகப் பட்டது. இத்தனை வருஷமாகச் சிரிக்கிற அதே சிரிப்புதான், பாவம்.

"யாருகிட்ட பேசிட்டிருந்தே?"

"சும்மா, ஒரு கஸ்டமர், அண்ணி."

"குடோன்ல இருக்கறவனுக்கு கஸ்டமர்கிட்ட என்னடா பேச்சு?"

அவன் தலையைச் சொறிந்தான். ஆர்டர்களை வேறு கம்பெனிக்குத் தள்ளிவிடுகிறான் என்று அவள் அப்போதே முடிவுகட்டிவிட்டாள். நேராகக் கேட்டுத் தொலைத்திருக்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவானாம்!

மறுநாள் காலை மேனேஜரிடம் போய்ப் பெயரைச் சொன்னாள். அவர் உடனே அந்த லாகினை முடக்கச் சொன்னார். அன்று மதியம் ஒரு வரிகூடக் காணாமல் போகவில்லை.

"பாத்தீங்களா மேடம்? கையைக் கட்டினதும் நின்னுபோச்சு. சொந்தக்காரன்னு பாக்காம சொன்னீங்களே, பெரிய விஷயம்."

துக்கத்துக்கு நடுவிலும் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. சீட்டுக்கு வந்து மெயிலைத் திறந்தாள். சர்வரிடமிருந்து ஒன்று வந்திருந்தது: 'இரட்டைப் பதிவு நீக்கம் இன்று ஓடவில்லை. லாகின் முடக்கப்பட்டுள்ளது.'

அது அவளே எழுதிய புரோகிராம். சாப்ட்வேர் புதிதாக வந்தபோது, ஒரே கஸ்டமருக்கு ஒரே சாமான் இரண்டு முறை ஏறிவிடும். அதில் ஒன்றை அழித்துவிட்டு வா என்று எழுதி, எல்லாரும் சாப்பிடப் போகிற நேரத்தில் தானாக ஓடும்படி வைத்திருந்தாள். குடோன் டேபிளைத் தொட அவள் லாகினுக்கு அப்போது அனுமதி வரவில்லை. அதுவரைக்கும் என்று கொழுந்தனின் பாஸ்வேர்டை வாங்கிப் போட்டாள். அனுமதி வந்தது, மாற்றத்தான் மறந்துபோனாள். இப்போது கஸ்டமர்கள் ஒரே சாமானைப் பாதி பாதியாக இரண்டு ஆர்டர் போடுகிறார்கள். புரோகிராமுக்கு அது எங்கே தெரியும்? இரண்டாவதைத் தினமும் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

அந்த மெயில் அவளுக்கு மட்டும்தான் வரும். அதையும் புரோகிராமையும் அழித்துவிட்டால் ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. விரல் அந்தப் பக்கம் போகத்தான் செய்தது. வெட்கமாக இருந்தது. எழுந்து குடோனுக்கு இறங்கினாள்.

மேனேஜர் வாசலில் நின்றிருந்தார். உள்ளே, வேலையை விட்டு நிறுத்தப்பட்ட கொழுந்தன் டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தான்.

"தினமும் யாருக்குடா போன் பண்ணினே?"

"காணாமப்போன ஆர்டரையெல்லாம் கஸ்டமர்கிட்ட திரும்பக் கேட்டு ஏத்திட்டிருந்தேன், அண்ணி. முடிஞ்ச வரைக்கும். சாப்ட்வேர்ல கோளாறுன்னா உங்களைத்தானே திட்டுவாங்க?"

"உன் பாஸ்வேர்டு எங்கிட்டயும் இருக்குன்னு சார்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க மாட்டிப்பீங்களே," என்றான் மெதுவாக.

அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

"சார், இவனை உக்காரச் சொல்லுங்க. அழிச்சது நான்தான்."